வசுமதியின் கை

சென்னியப்பன் கடைசியாகப் பொட்டு வைத்தது டி.வி. ரிமோட்டுக்கு.

ஆயுத பூஜை அன்று அவன் வீட்டில் எதையும் விட்டுவைக்க மாட்டான். பவர்லூம் மெக்கானிக் என்பதால் ஸ்பேனர் பெட்டிக்குத்தான் முதல் மரியாதை. அப்புறம் மொபெட், மிக்ஸி, கிரைண்டர், மகள் கவிநிலாவின் ஜியாமெட்ரி பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்து, சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தான்.

"ரிமோட்டுக்கெல்லாமா வெப்பாங்க?" என்றாள் துளசிமணி.

"இந்த ஊட்டுல ஓயாம வேலை பாக்கறது அது ஒண்ணுதான்" என்றான். பிறகு ஒரு கிண்ணம் பொரியும் கடலையும் தின்றுவிட்டு, மீதியை டப்பாவில் போட்டு இறுக்கி மூடச் சொன்னான். நமுத்துப் போய்விடுமாம்.

மதியம் சாப்பிட்டுப் படுத்தவனுக்கு நெஞ்சை அடைத்தது. ஈரோட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். இரத்தக் குழாயில் அடைப்பு, இன்றைக்கே எடுத்துவிட்டால் பயமில்லை என்றார் டாக்டர். காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதிக்கு எழுதிப் போட்டார்கள். துளசிமணியின் தம்பி நகையை எடுத்துக்கொண்டு சேட்டுக் கடைக்குப் போகவா என்று கேட்டபோது, பில் போடுகிற பெண்தான் தடுத்தாள். முன்பென்றால் லீவு நாளில் அனுமதி வராது, நாங்களே பணம் கட்டச் சொல்லிவிடுவோம். இந்த வருஷத்திலிருந்து லீவு நாளிலும் மெஷினே பார்த்து அனுப்பிவிடுகிறது, அரை மணியில் வந்துவிடும் என்றாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். எல்லோரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்து, சேட்டுக் கடையும் மூடிவிட்டது.

அனுமதி மறுநாள் காலையில் வந்தது. விடிவதற்கு முன்பே சென்னியப்பன் போய்விட்டிருந்தான்.

துளசிமணி அழுது முடித்த பிறகு அந்த நிறுவனத்துக்கு ஒரு கேள்வி கேட்டு எழுதினாள். எங்கள் விண்ணப்பம் அத்தனை நேரம் எங்கே கிடந்தது? பல முறை எழுதிய பிறகு பதில் வந்தது. நிறுவனத்தின் கணினிகள் இரவு பகல் ஓயாதவை. தங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்த உடனே ஈரோடு கிளை அதிகாரி வசுமதி என்பவரின் கையால் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

அதுவரை யாரை நோவது என்று தெரியாமலிருந்தவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. சோறு பொங்கும்போதும், பஸ்ஸில் போகும்போதும் அந்தப் பெயரோடு மனசுக்குள் பேசிக்கொண்டிருப்பாள். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். உனக்கு அன்றைக்கு என்ன அவசரம், பொரி தின்னப் போய்விட்டாயா?

கவிநிலாவைக் கல்லூரியில் சேர்த்தபின், சென்னிமலையில் பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர் வீட்டிலிருந்தபடி ஆர்டர் பார்க்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தார். நாளெல்லாம் வரும் விசாரணைக்குப் பதில் போடவேண்டும், பார்சலுக்குச் சொல்லவேண்டும். கம்ப்யூட்டர் மட்டும் அவளே வாங்கிக்கொள்ள வேண்டும். புதிது வாங்க முடியாது. அந்தச் சமயத்தில்தான், காப்பீட்டு நிறுவனம் ஈரோட்டுக் கிளையை மூடிவிட்டதும், அங்கிருந்த மெஷின்கள் மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கும் லத்தீப் பாய் கடைக்குப் போனதும் அவள் காதுக்கு வந்தது.

ஆபீசில் ஓடிய பழைய டெஸ்க்டாப்புகளை வாங்கி, தூசி தட்டி, கெட்டதை மாற்றி விற்பவர் லத்தீப் பாய். கடைக்குள் கறுப்புப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. முன்னால் நின்ற கல்லூரிப் பையன்களிடம் அவர் கார் புரோக்கர் மாதிரி பேசிக்கொண்டிருந்தார். இது ஆடிட்டர் ஓட்டினது, ஒரே கை. அது ஸ்கூல் ஆபீஸ், மூணு கை மாறினது.

அவர் கை என்று சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் கைப்பழக்கச் சில்லு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. முன்னால் உட்காருகிறவர் எதை முதலில் எடுக்கிறார், எதைத் தள்ளுகிறார், எப்படிப் பதில் எழுதுகிறார் என்று அது கூடவே இருந்து பார்க்கும். சில வருஷம் போனால் பாதி வேலையை அதுவே அவர் மாதிரி செய்து வைக்கும்.

"ஃபைலெல்லாம் அழிச்சுடுவோம்மா, அது சட்டம்" என்றார் பாய். "ஆனா கையை அழிக்க முடியாது. சில்லையே பிடுங்கிப் போட்டாத்தான் உண்டு. பிடுங்கிட்டா இது வெறும் டப்பா. எவன் வாங்குவான்?"

ஏமாற்றவும் மாட்டார். உள்ளே ஒரு வக்கீல் ஆபீஸ் மெஷின் இருக்கிறது, சல்லிசாகத் தருகிறேன், ஆனால் எதைக் கேட்டாலும் வாய்தா வாங்கும் என்றார். ஜோசியர் வைத்திருந்தது ஒன்று இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை ஆனால் ஒரு மெயிலும் அனுப்பாதாம்.

"இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ஓடினது வேணுங்க" என்றாள் துளசிமணி. "வசுமதிங்கறவங்க மேஜைல இருந்தது."

பாய் அவளை ஒரு பார்வை பார்த்தார். "சொந்தமா?"

"தெரிஞ்சவங்க."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஏணி போட்டு ஏறி, பின்பக்கம் பெயர் ஒட்டியிருந்த ஒரு பெட்டியை இறக்கி, கீபோர்டோடு கட்டிக் கொடுத்தார். அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறும்போது துளசிமணிக்கு ஒரு கணக்குத்தான் இருந்தது. என் ஆளைத் தள்ளிவைத்த கை எப்படிப்பட்டது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்புறம் அது எனக்கு வேலை செய்யட்டும். நான் சொன்னதைச் செய்துகொண்டு, என் வீட்டு மூலையில் கிடக்கட்டும்.

ஆனால் அந்தக் கை நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பத்துப் பதினைந்து வரியில் கோபித்து எழுதுகிறவர்களுக்கு அது இரண்டே வரியில், அவர்கள் தணிந்துபோகும்படி பதில் எழுதிக் கொடுத்தது. ஒரு பெட்ஷீட் வாங்குகிறவரையும் நூறு வாங்குகிறவரையும் ஒரே மாதிரிதான் விசாரித்தது. முகவரியில் ஊர் விட்டுப்போயிருந்தால் பின்கோடை வைத்துத் தானே கண்டுபிடித்தது. முதலாளி ஒருநாள் ஃபோனில், உங்கள் கைராசி, புகார் எல்லாம் குறைந்துவிட்டது என்று பாராட்டினார்.

ஒருநாள் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், படுக்கையில் விரிக்க நாலு பெட்ஷீட் வேண்டும், நாளைக்குள் வருமா என்று. அதே சமயம் மதுரையின் பெரிய ஜவுளிக்கடை ஒன்று சண்டைக்கு நின்றுகொண்டிருந்தது. மெஷின் ஜவுளிக்கடையை ஓரம் தள்ளிவிட்டு, திண்டுக்கல் பெண்ணை எல்லோருக்கும் மேலே கொண்டுவந்து வைத்தது. பதிலும் தயாராக இருந்தது. இன்றைக்கே அனுப்புகிறோம், அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளசிமணி அன்று மதியம் சாப்பிடவில்லை. கவிநிலா கல்லூரியிலிருந்து வந்து என்ன என்று கேட்டபோது திரையைக் காட்டினாள்.

"ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை பாத்தாலே ஓடிப்போய் மேல வெக்குது பாரு. வேணும்னே மறுபடி மறுபடி சோதிச்சுப் பாத்துட்டேன். எல்லாத்துக்கும் அப்படித்தான் வெக்குது."

"அதுக்கென்னம்மா?"

"உங்கப்பனை மட்டும் எப்படி கீழ போட்டுச்சு?"

அந்தம்மா அன்றைக்கு மட்டும் வேறு மாதிரி இருந்திருப்பாள் என்றாள் கவிநிலா. துளசிமணி அதை நம்பப் பார்த்தாள். ஆனால் இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கை அது. ஒரு நாளைக்கு மட்டும் வேறு மாதிரி இருக்கிற கை என்று அவளால் நினைக்க முடியவில்லை.

பொங்கலுக்கு முன்னால் வீட்டை ஒழித்துத் துடைத்தபோது, கீபோர்டில் பிசுபிசுப்பாக இருந்ததைப் பார்த்து ஈரத்துணியால் அழுந்தத் துடைத்தாள். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. துடைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் ஒரு விசாரணைக்குக்கூடப் பதில் இல்லை. வந்தது எல்லாமே 'காலையில்' என்ற பெட்டியில் போய் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரி என்று எழுதியிருந்ததும் அதிலேயே கிடந்தது. நெட் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். நெட் இருந்தது. அவள் சொன்ன மற்ற வேலையெல்லாம் மெஷின் செய்தது. புதிதாக வந்ததை மட்டும் தொட மறுத்தது.

மறுநாள் காலை, ஆபீஸ் திறக்கிற நேரத்துக்கு, அத்தனைக்கும் மளமளவென்று பதில் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்காரருக்குத்தான் முதல் பதில்.

இப்படி ஒரு காலையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். துணியை எடுத்துவந்து மறுபடி துடைத்தாள். பெட்டி நிரம்ப ஆரம்பித்தது.

மறுநாளே மெஷினைக் கட்டிக்கொண்டு லத்தீப் பாய் கடைக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். சென்னியப்பன் எந்த நாளில் போனான் என்பதையும் சொன்னாள். பாய் முதலில் நம்பவில்லை. தன் தோள்துண்டால் கீபோர்டைத் துடைத்துவிட்டு, தன் ஃபோனிலிருந்தே ஒரு விசாரணை அனுப்பிப் பார்த்தார். அது போய் 'காலையில்' பெட்டியில் விழுந்தது. டீ வாங்கி வரச் சொன்னார். அவள் டீ குடிக்கிறவரை வேறேதோ பேசிக்கொண்டிருந்தார்.

"நான் சொல்றது தப்பா இருந்தாலும் இருக்கும்" என்று பிறகு ஆரம்பித்தார். "ஆபீஸ்ல கீபோர்டைத் துடைக்கறது எப்போ, சொல்லுங்க. கூட்ட வர்றவங்க மேஜையோட நிறுத்திக்குவாங்க. கீபோர்டைத் தொட்டா திட்டு விழும். வருஷத்துக்கு ஒரே நாள்தான் அதைத் துடைப்பாங்க."

துளசிமணி தலையாட்டினாள்.

"மெஷினுக்குச் சந்தனம் தெரியாது. குங்குமம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் துணிதான். எல்லா கீயும் மொத்தமா அமுங்கும். அதுக்கப்புறம் மறுநாள் காலைல அந்தப் பொண்ணு வந்து உக்கார்ற வரைக்கும் எந்த வேலையும் நடக்காது. உள்ள வந்ததெல்லாம் காத்துட்டு இருக்கும். எத்தனை வருஷம் பாத்திருக்கும்? துணி பட்டா ஓய்வு, அப்படீன்னு கத்துக்கிச்சு. முன்னெல்லாம் லீவுல வேலை செய்யச் சொல்லல, அதனால தெரியல. கம்பெனிக்காரன் அந்த வருஷந்தான் லீவுக்கும் நீயே பாருன்னு விட்டான். அது பாத்துச்சு. அந்தப் பொண்ணு என்ன செஞ்சிருக்குமோ அதையேதான் செஞ்சுது."

"பதிவுல அவங்க கையால ஒத்திவெச்சதா இருக்குதுங்களே?"

"மெஷின் செய்யறதெல்லாம் அவங்க பேர்லதாம்மா பதிவாகும். அதுதானே ஏற்பாடு."

கடைக்கு வெளியே லாரி ஒன்று பின்னால் போக இடம் கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது போனபிறகு பாய் இன்னொன்று சொன்னார். நீங்கள் வாங்கிப்போன கொஞ்ச நாளில் ஒரு பெண் வந்து இதே மெஷினைக் கேட்டாள். விற்றுவிட்டேன் என்றதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்தால் சொல்லுங்கள் என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனாள். யாரிடம் விற்றேன் என்று நான் சொல்லவில்லை.

இத்தனை நாள் மனசுக்குள் அந்தப் பெயரோடு பேசிய பேச்செல்லாம் துளசிமணிக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. அதில் ஒன்றையும் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் அதெல்லாம் அந்தப் பெண்ணின் காதில் விழவும் இல்லை. அவள் காதில் விழ வேண்டியது ஒன்று இருக்கிறது.

"கூப்புடுங்க பாய்" என்றாள்.

வசுமதி பவானியிலிருந்து பஸ்ஸில் வந்தாள். மருந்துக்கடையில் பில் போடுகிறாளாம். நீல நிறக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தாள். துளசிமணி கற்பனை செய்து வைத்திருந்த முகம் கொஞ்சம் பெரியது, உதட்டைச் சுழித்த முகம். இவள் ஒல்லியாக, தூக்கம் போதாதவளாக இருந்தாள்.

பாய் அறிமுகம் செய்யத் தயங்கினார். துளசிமணியே சொன்னாள்.

"நான் சென்னியப்பன் சம்சாரமுங்க."

வசுமதி அந்தப் பெயரைக் கேட்டதும் பின்னால் ஒரு அடி வைத்தாள். அது யாருடைய பெயர் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு, எங்கேயோ பல முறை சொல்லிப் பழகியது போல் வேகமாகச் சொன்னாள். "நான் ஒண்ணுமே பண்ணலீங்க. அன்னிக்கு மத்தியானம் ஊட்டுக்குப் போய்ட்டேன். உங்க கடுதாசி வந்து அவிங்க கூப்புட்டுக் கேக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல."

"தெரியுமுங்க. அதைச் சொல்லத்தான் வரச் சொன்னது. உக்காருங்க."

மெஷினுக்கு முன்னால் அவளை உட்காரவைத்தார்கள். வசுமதி இரண்டு எழுத்து தட்டினாள். மீதியை மெஷின் தானே எழுதி முடித்தது. அவள் அடுத்து என்ன எழுதுவாளோ அதையும் எழுதியது. அவள் லேசாகச் சிரித்து, இதுக்கு இன்னும் அவசரம் போகல என்றாள். கண் கலங்கியிருந்தது.

பாய் துணியை நீட்டினார். துளசிமணி அதை வாங்கி, வசுமதியின் தோளுக்கு மேலாகக் குனிந்து, கீபோர்டைத் துடைத்தாள். விசாரணை ஒன்றை அனுப்பினார்கள். அது போய்க் காலைக்காகக் காத்திருக்க உட்கார்ந்தது. பாய் காரணத்தைச் சொன்னார். நிதானமாக, ஆறுதலான குரலில்தான் சொன்னார். உங்கள் மேல் தப்பில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம், நாளைக்கே கம்பெனிக்கு எழுதலாம் என்றும் சொன்னார்.

வசுமதி துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். துளசிமணிக்கு அப்போதுதான் உறைத்தது. விடுதலை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு வந்து, இத்தனை நாள் அந்தப் பெண் பற்றிக்கொண்டிருந்த ஒரே வார்த்தையை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலைன்னு சொல்லிட்டு இருந்தேன்" என்றாள் வசுமதி. "நல்லாத் தொடச்சேன். மத்தவங்கெல்லாம் சும்மா பேருக்குத் தட்டிட்டுப் போவாங்க. நான் ஒவ்வொரு கீயாத் தொடப்பேன். சோறு போடற மெஷினாச்சேன்னு."

பாய் உள்ளே போய் ஏதோ எடுப்பவர்போல நின்றுகொண்டார்.

"எங்க ஊட்டுக்காரரும் நல்லாத்தாந் தொடப்பாருங்க" என்றாள் துளசிமணி. "அன்னிக்கு ரிமோட்டைக்கூடத் தொடச்சாரு."

அப்புறம்தான் வசுமதி அழுதாள். துளசிமணி அவள் மடியிலிருந்த நீலக் கோட்டு கீழே விழாமல் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு வரவில்லை. தன்னுடைய ஆள் இல்லை என்பது இதனால் குறைந்துவிடவும் இல்லை. யாரையாவது நொந்துகொள்ளும் வசதி மட்டும் போய்விட்டது.

இருவரும் சேர்ந்துதான் நிறுவனத்துக்கு எழுதினார்கள். பாய் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மெஷினைக் கேட்டு நிறுவனத்தின் ஆட்கள் இரண்டு பேர் பெங்களூரிலிருந்து வந்தார்கள், ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பதில் வர மழைக்காலம் ஆகிவிட்டது. பயன்படுத்துவோரின் பழக்கத்தால் நேர்ந்த அரிதான நிகழ்வு என்று அதில் இருந்தது. வசுமதியின் பணிநீக்கம் தானாக விலகியதாகத் திருத்தப்பட்டிருந்தது. எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையின் நகலையும் இணைத்திருந்தார்கள். இயங்கும் நிலையில் விசைப்பலகைகளைத் துடைக்கக் கூடாது. லீவு நாளில் ஒரு ஆளை உட்காரவைப்பது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பாய் வேறு சில்லு போட்டுத் தருகிறேன், செலவு என்னுடையது என்றார். துளசிமணி வேண்டாம் என்றுவிட்டாள். கீபோர்டைத் துடைக்கவேண்டுமானால் கழற்றி வைத்துத் துடைக்கிறாள். வேலை நடக்கிறது. வசுமதி எப்போதாவது ஃபோன் செய்வாள். முதலில் மெஷின் எப்படி இருக்கிறது என்று கேட்பாள், பிறகுதான் கவிநிலாவைக் கேட்பாள். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

ஒருமுறை தயங்கித் தயங்கி ஒரு சங்கதி சொன்னாள். அந்த வேலையில் இருந்தவள் என்பதால் அவளுக்குத் தெரியும். அனுமதி ஒன்று கொடுத்துவிட்டால், ஆள் குணமாகிப் போய்விட்டார் என்றோ இறந்துவிட்டார் என்றோ ஆஸ்பத்திரி திருப்பி எழுதவேண்டும். அப்போதுதான் அந்த அனுமதி கணக்கிலிருந்து நீங்கும். அன்றைக்கு அனுமதி வந்தபோது ஆஸ்பத்திரியில் யாரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

"உங்களுக்குப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கும்ங்கக்கா. ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும், எடுத்துருவாங்க. எப்படி எழுதறதுன்னு நான் சொல்றேன்."

"அது பாட்டுக்கு இருக்கட்டுங்க" என்றாள் துளசிமணி.

ஃபோனை வைத்துவிட்டு, நிறுவனத்தின் பக்கத்தில் பாலிசி எண்ணைப் போட்டுப் பார்த்தாள். செ. சென்னியப்பன், ஈரோடு. இருதயச் சிகிச்சைக்கு அனுமதி வழங்கப்பட்டுள்ளது. சிகிச்சை முடியும்வரை செல்லுபடியாகும்.

இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.